அப்பாயி சொன்ன "செய்வேன்"

எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் குடியுரிமையைப் பற்றி ஒரு பாடம் வரும். இந்தியக் குடிமகனாக ஐந்து வழிகள்: பிறப்பு, வம்சாவளி, பதிவு, இயல்புரிமை, புதிதாக ஒரு நிலப்பகுதி நாட்டோடு சேர்வது. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் சொல்வதும் இதுதான். பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். கோத்தகிரிப் பக்கம் நான் வேலை பார்க்கும் பள்ளியில் ஒவ்வொரு வருஷமும் இந்தப் பாடத்தை நடத்தும்போது மூன்றாவது வழிக்கு வந்ததும் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவேன்.

"உங்க வீட்டுல யாராவது இந்த மூணாவது வழியில குடிமக்கள் ஆனவங்க இருக்காங்களா?"

முதலில் யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். "டீச்சர், எங்க ஆயா சிலோன்ல இருந்து வந்தாங்களாம். அதுவா?"

அதுதான். உடனே இன்னும் நாலு கை எழும்பும், பிறகு இன்னும் சில. "எங்க தாத்தாவும் டீச்சர்." "எங்க அம்மாவோட அம்மா." நீலகிரியில் இது ஆச்சரியமான விஷயமில்லை. 1964-ஆம் வருஷம் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் நாலு லட்சத்துக்கும் மேல். அவர்களில் பலருக்குத் தெரிந்த ஒரே தொழில் தேயிலை என்பதால் கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், வால்பாறை என்று மலைகளுக்கே வந்து சேர்ந்தார்கள். அதில் எங்கள் அப்பாயியும், அதாவது அப்பாவின் அம்மாவும், தாத்தாவும் உண்டு. என் அப்பாவுக்கு அப்போது பதினாறு வயது.

பதிவு மூலம் குடியுரிமை பெறுகிறவர்களைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. பாடப்புத்தகத்தில் அது இல்லை, நானாகச் சொல்லிக்கொடுப்பேன். வயது வந்த ஒருவர் ஓர் உறுதிமொழி எடுத்த பிறகுதான் அவர் பெயரைப் பதிவு செய்ய முடியும். உறுதிமொழி ஏறக்குறைய இப்படி இருக்கும்: சட்டப்படி நிறுவப்பட்ட இந்திய அரசியலமைப்பின் மீது உண்மையான நம்பிக்கையும் பற்றும் வைத்திருப்பேன், இந்தியாவின் சட்டங்களை ஒழுங்காகக் கடைப்பிடிப்பேன், இந்தியக் குடிமகனுக்குரிய என் கடமைகளை நிறைவேற்றுவேன்.

இங்கே பிறந்த நம்மில் யாரும் குடிமகன் ஆவதற்காக இதைச் சொன்னதில்லை. நான் சொன்னதில்லை, என் பிள்ளை சொன்னதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் அப்பாயி கண்டியில் ஓர் அறையில் நின்று சொல்லியிருக்கிறார். அங்கே இருந்தவர் தமிழில் படித்துக் காட்டினாராம். எல்லாம் ஞாபகம் இல்லை என்பார் அப்பாயி. "கடைசில 'செய்வேன்'னு சொல்லச் சொன்னாங்க. செய்வேன்னு சொன்னேன். பெருவெரல்ல மை தடவி வெச்சாங்க."

எங்களிடம் இன்னும் அந்தத் தாள் இருக்கிறது. மடிப்பு விழுந்த இடங்களில் கிழிந்து, செலோ டேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுப்பேறிவிட்டது. ரேகை மட்டும் அழியவில்லை.

அந்த ரேகைக்கு முந்தைய கதையைச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

1820-களில் இலங்கை மலைகளில் காப்பித் தோட்டங்கள் தொடங்கியபோது தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடை. வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் எத்தனையோ பேர். காப்பி நோயில் அழிந்த பிறகு தேயிலை வந்தது. 1901-இலிருந்து, இங்கே கிளம்பும்போதே எந்தத் தோட்டத்துக்கு ஆள் என்று எண் பொறித்த ஒரு தகர வில்லையைக் கழுத்தில் மாட்டி அனுப்பும் முறை வந்தது. பின்னாளில் மண்டபம் முகாமில் நோய்த் தடுப்புக்காகத் தங்கவைத்து, அங்கிருந்துதான் கடல் கடத்துவார்கள். தாத்தாவின் தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து அப்படிப் போனவர் என்று வீட்டில் சொல்வார்கள். பஞ்சம் என்பதைத் தவிர வேறு காரணம் யாருக்கும் தெரியாது.

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா என்ற ஊரில் லயத்து வீடு. லயம் என்றால் தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை, ஒரு அடுப்படி. விடிகாலையில் ஆளைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். பெயர் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் இருந்தால் அன்றைக்குச் சம்பளம். நான்கு தலைமுறை இப்படி ஓடியது. 1946 கணக்கெடுப்பில் இந்த ஜனங்கள் ஏறக்குறைய 7 லட்சத்து 80 ஆயிரம் பேர். நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கு அவர்கள் பறித்த தேயிலையும் வெட்டிய ரப்பரும். 1947 பொதுத் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இருந்தது. தாத்தாவின் அப்பா அதில் போட்டார். இவர்களுடைய கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் அந்தத் தேர்தலில் ஏழு இடங்களில் ஜெயித்தது.

அடுத்த வருஷம் பிப்ரவரி 4-ஆம் தேதி இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது. அதே வருஷம் குடியுரிமைச் சட்டமும் வந்தது, 1948-இன் 18-ஆம் இலக்கச் சட்டம். நவம்பர் 15-இல் அமலானது. இலங்கையில் பிறந்த ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டுமென்றால், அவருடைய தகப்பனார் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பன் வழித் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். கேட்க எளிதாகத் தெரியும். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் பிறப்புச் சான்றிதழ் எடுத்து வைத்தார்கள்? தகப்பனுடைய பிறப்புக்குத் தாள் எங்கே, தாத்தாவுடையதற்கு எங்கே?

அந்தச் சட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் என் மனசு போய் நிற்பது அம்மா என்ற வார்த்தை இல்லாத இடத்தில். கொழுந்து பறித்ததில் பெரும்பாலோர் பெண்கள். முதுகில் கூடையும் தலையில் கயிறும் மாட்டி மழையில் நின்றவர்கள். அவர்கள் எந்த மண்ணில் பிறந்தார்கள் என்று சட்டம் கேட்கவே இல்லை. தகப்பன், தகப்பனின் தகப்பன், அவனுடைய தகப்பன். அப்பாயியின் அம்மா மஸ்கெலியாவில் பிறந்து மஸ்கெலியாவிலேயே செத்தவர். அது எந்தக் கணக்கிலும் வரவில்லை.

1949-இல் இன்னொரு சட்டம், இந்திய பாகிஸ்தானிய வாசிகளுக்கு என்று. கல்யாணமானவர்கள் ஏழு வருஷம், ஆகாதவர்கள் பத்து வருஷம் தொடர்ந்து அங்கே வசித்ததைக் காட்டினால் விண்ணப்பிக்கலாம். எட்டு லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது ஏறக்குறைய 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. அதே வருஷம் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, குடிமக்களுக்கு மட்டும்தான் ஓட்டு என்றார்கள். தமிழ்த் தலைவர்களில் சிலர் இந்தச் சட்டங்களின்போது அரசாங்கத்தின் பக்கம் நின்றார்கள். யாழ்ப்பாணப் பக்கத்து எம்.பி.யான செல்வநாயகம் அதைப் பொறுக்காமல் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். தன் வாக்காளர்கள் அல்லாத ஒரு ஜனத்துக்காக ஒருவர் கட்சியை உடைத்தது பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன்.

இப்படித்தான் 'நாடற்றவர்' என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

1964 அக்டோபர் 30-ஆம் தேதி டெல்லியில் ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். அந்த மிச்சத்தை 1974-இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் 75,000, 75,000 என்று பாதி பாதியாகப் பிரித்தார்கள். இந்த லட்சக்கணக்கான பேரில் ஒருவரைக்கூடக் கூப்பிட்டு, உனக்கு எங்கே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்துக்கு முன்னால் யாரும் கேட்கவில்லை.

ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் விண்ணப்பம் வந்தது. தாத்தா இந்தியாவுக்கு எழுதினார், பெரிய தாத்தா இலங்கைக்கு எழுதினார். ஒரே லயத்தில் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த அண்ணன் தம்பி. இருவரும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைகள் படிக்கட்டும் என்று தாத்தா நினைத்தார். அப்பா அம்மாவைப் புதைத்த இடத்தை விட்டு வர முடியாது என்று பெரிய தாத்தா நினைத்தார். ஏழு பேர் இந்தியாவுக்குப் போனால் நாலு பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று ஒரு விகிதம் வைத்திருந்தார்கள். அதாவது, தம்பி குடும்பம் கப்பல் ஏறினால்தான் அண்ணன் குடும்பத்தின் வரிசை நகரும். இதைப் பெரியவளான பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டபோது அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

1971-இல் கிளம்பினார்கள். தோட்டத்திலிருந்து ஸ்டேஷன் வரை மொத்த லயமும் கூட வந்ததாம். அழுகைக் கோச்சி என்பார் அப்பாயி. கோச்சி என்றால் அங்கே ரயில். தலைமன்னாரில் சுங்கக்காரர்கள் மூட்டை முடிச்சைப் பிரித்துப் பார்த்தார்கள். இராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம். அங்கிருந்து மண்டபம் முகாம். தகர வில்லை மாட்டி முன்னோர்களை அனுப்பிய அதே மண்டபம். அங்கே ஒரு குடும்ப அட்டை போட்டுக் கொடுத்து, நீலகிரிக்குப் போங்கள் என்றார்கள். தமிழ்நாடு அரசு 1968-இல் தாயகம் திரும்பியோருக்காகவே ஒரு தேயிலைத் திட்டத்தை ஆரம்பித்திருந்தது. 1976-இல் அது டான்டீ என்ற கழகமானது. காட்டைத் திருத்தித் தேயிலை நட்டதிலிருந்து அப்பாயியின் கை அதில் இருக்கிறது.

அங்கே இருந்தபோது கள்ளத்தோணி, இங்கே வந்த பிறகு சிலோன்காரங்க. கேட்டுக் கேட்டு அவர்களுக்குப் பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை.

1999-இல் நான் பன்னிரண்டாவது முடித்தபோது சாதிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. நான் 1982-இல் கோத்தகிரியில் பிறந்தவள். 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்தியாவில் பிறந்த யாரும் பிறப்பாலேயே குடிமக்கள், பெற்றோரைப் பற்றிய கேள்வியே கிடையாது. ஆனாலும் ஓர் அலுவலகத்தில் என் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இலங்கைக்காரங்களா? பூர்விக ஊர்ல போய் எழுதி வாங்கிட்டு வாங்க" என்று திருப்பிக் கொடுத்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் விட்டுவந்த ஊரில் எங்களை யாருக்குத் தெரியும்? மூன்று முறை அலைந்த பிறகு நாலாவது முறை அப்பாயியும் கூட வந்தார். சுருக்குப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் பிரித்து வைத்தார்.

"ஐயா, நான் இந்த நாட்டுக்கு வாக்குக் குடுத்துட்டுத்தான் வந்தேன். இது என் பேத்தி. இங்கயே பொறந்தவ."

அந்த அதிகாரி அந்தத் தாளை முழுசாகப் படித்தார். பிறகு எழுந்து நின்று, "உக்காருங்கம்மா" என்றார். சான்றிதழ் கிடைக்க இன்னும் இரண்டு மாதம் ஆனது, ஆனால் கிடைத்தது.

என் மகள் 2005 நவம்பரில் பிறந்தாள். அவளுக்குச் சட்டம் வேறு. 1987 ஜூலையிலிருந்து 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருக்க வேண்டும். மூன்று தலைமுறைக்குள் எங்கள் வீட்டிலேயே மூன்று விதம். மண்ணில் பிறந்தால் போதும் என்று தொடங்கிய சட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெற்றோரின் தாளைக் கேட்கும் இடத்துக்கு வந்திருக்கிறது. மஸ்கெலியாவில் தாள் இல்லாததால் நாடற்றுப் போனவர்களின் பேத்திக்கு இதைப் பார்த்தால் பயம் வருகிறது.

பயம் வீண் இல்லை என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் வராமல் அங்கேயே தங்கிய மலையக மக்களில் பலர் 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சி என்று வடக்கே போனார்கள். 1983-க்குப் பிறகு போர் துரத்த, அகதிகளாகத் தமிழ்நாட்டு முகாம்களுக்கு வந்தார்கள். முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல். அவர்கள் பிள்ளைகளும் முகாமில்தான் பிறந்திருக்கிறார்கள். 2021-இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். பெயர் மாறியது நல்லதுதான், குடியுரிமை வரவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் உள்ள மூன்று நாடுகளில் இலங்கை கிடையாது. 1987-க்கு முன்னால் முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய்த் தன் பிறப்புரிமையைப் பெற்று, 2024-இல் முதல் முறையாக வாக்களித்தார் என்ற செய்தியைப் படித்த அன்று அதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். 1988-இல் பிறந்திருந்தால் அவருக்கு அந்த வழி இல்லை.

இலங்கையில் இருந்தவர்களுக்கு 1988-இல் ஒரு சட்டமும் 2003-இல் இன்னொரு சட்டமும் வந்த பிறகுதான் நாடற்ற நிலை முடிந்தது. பெரிய தாத்தாவுக்கு 1988 சட்டத்தில் கிடைத்தது. பிறந்த நாட்டின் குடிமகன் ஆகும்போது அவருக்கு எழுபது வயது.

சரி, கடமைக்கு வருகிறேன்.

அரசியலமைப்பில் அடிப்படைக் கடமைகள் 51அ பிரிவில் இருக்கின்றன. முதலில் கிடையாது. 1976-இல் 42-ஆவது திருத்தத்தில் பத்துக் கடமைகளைச் சேர்த்தார்கள், 2002-இல் 86-ஆவது திருத்தத்தில் பதினொன்றாவதாகப் பிள்ளைகளைப் படிக்க வைப்பதைச் சேர்த்தார்கள். வகுப்பில் பிள்ளைகளிடம் கடமை என்றால் என்ன என்று கேட்டால் எல்லாரும் "ஓட்டுப் போடுறது, வரி கட்டுறது" என்பார்கள். இரண்டுமே அந்தப் பதினொன்றில் இல்லை. கடமைகளைச் சேர்க்கச் சொன்ன ஸ்வரண் சிங் குழு வரி கட்டுவதையும் பரிந்துரைத்தது, ஆனால் சேர்க்கவில்லை. அந்தப் பிரிவை மீறினாய் என்று மட்டும் சொல்லி யாரையும் நேரடியாகத் தண்டிக்கவும் முடியாது.

அந்தப் பட்டியலை அப்பாயிக்கு ஒரு தடவை படித்துக் காட்டினேன். காடு, ஏரி, ஆறு, வன உயிர்களைக் காப்பது என்ற இடத்தில் நிறுத்தி, திரும்பப் படிக்கச் சொன்னார். "இது சரி. ஊத்துக்கு மேல இருக்கிற மரத்த வெட்டப்படாதுன்னு நான் எத்தன வருஷமாச் சொல்றேன்." எங்கள் லைன் வீடுகளுக்குத் தண்ணீர் வந்தது ஒரு சோலைக்கு நடுவே இருந்த ஊற்றிலிருந்து. விறகுக்கு யார் அங்கே கத்தியோடு போனாலும் அப்பாயி பின்னாலேயே போய்விடுவார். கிராம சபைக்கு மழையானாலும் போய் உட்காருவார். முதலில் பேச மாட்டார். எல்லாரும் பேசி முடித்த பிறகு எழுந்து, போன கூட்டத்தில் சொன்ன குழாய் என்ன ஆனது என்று மட்டும் கேட்பார். குழாய் வருகிற வரை ஒவ்வொரு கூட்டத்திலும் அதே கேள்வி. அவருக்குக் கடமை என்ற சொல் பழக்கமில்லை, பொறுப்பு என்றுதான் சொல்வார்.

இதையெல்லாம் அவர் அந்த உறுதிமொழியால் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். மஸ்கெலியாவிலும் அப்படித்தான் இருந்தார் என்று பெரிய தாத்தா வீட்டார் சொல்வார்கள். லயத்துப் பிள்ளைகளைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குத் துரத்தி அனுப்பியது, காலரா வந்த வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோனது எல்லாம் அங்கே நடந்தவை. அப்போது அவர் எந்த நாட்டுக்கும் குடி இல்லை. குடிமகன் ஆன பிறகு கடமை தொடங்குகிறது என்று பாடப்புத்தகம் போடும் வரிசை எங்கள் ஜனங்களுக்குப் பொருந்தவே இல்லை. நூறு வருஷம் ஒரு நாட்டின் மலைகளை அவர்கள் சுமந்தார்கள், ரோடு போட்டார்கள், கடைசிவரை அந்த நாடு அவர்களை விருந்தாளி என்றுகூடச் சொல்லவில்லை. கடமையைச் செய்து முடித்துவிட்டு உரிமைக்காக வரிசையில் நின்றார்கள். குடியுரிமை என்பது அரசு கொடுக்கும் ஒன்று என்று யாராவது மேடையில் பேசினால் இதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. அரசு கொடுப்பது தாள். அந்தத் தாளுக்கு உரியவர்களாக இந்த மக்கள் அதற்கு முன்பே இருந்தார்கள்.

1977-இல் அப்பாயி முதல் ஓட்டுப் போட்டார், நாற்பத்திரண்டு வயதில். மாமனார் 1947-இல் போட்ட பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் போட்டது அப்போதுதான். நடுவே முப்பது வருஷம். அதற்குப் பிறகு 2012-இல் சாகிற வரை எந்தத் தேர்தலையும் அவர் விடவில்லை. ஓட்டுக்குப் பணம் கொண்டுவந்தவர்களிடம் ஒரு தடவை, "முப்பது வருஷம் காத்துக் கெடந்தோம், அதுக்கு எவ்வளவு குடுப்ப?" என்று கேட்டாராம். அப்பா இன்னும் அதைச் சொல்வார்.

ஆசிரியராக எனக்கு இரண்டு பொது வேலைகள் வரும். ஒன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2011-இல் செய்தேன். அதில் எனக்குப் பிடித்தது, குடியுரிமையைப் பொறுத்து யாரையும் விடக்கூடாது என்பது. ஒரு இடத்தில் வசிக்கிற எல்லாரையும் எண்ண வேண்டும், வீடில்லாமல் ரோட்டோரம் படுத்திருப்பவர்களையும் ராத்திரி போய் எண்ண வேண்டும். கையில் பேனாவோடு வீடு வீடாகப் போனபோது, ஒருவரை விட்டுவிட்டால் அது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்குக் கைநடுக்கமே இருந்தது.

இன்னொன்று தேர்தல். 2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, நாடாளுமன்றத் தேர்தல். எனக்குக் கூடலூர்ப் பக்கம் ஒரு வாக்குச்சாவடி விழுந்தது. இரண்டாம் வாக்குப்பதிவு அலுவலர். முதல் அலுவலர் பட்டியலில் பெயரைச் சரிபார்த்துச் சொல்வார், நான் 17அ என்ற வாக்காளர் பதிவேட்டில் வரிசை எண்ணை எழுதி, கையெழுத்தோ கைரேகையோ வாங்கி, இடது ஆள்காட்டி விரலில் மை வைத்துச் சீட்டுக் கொடுக்க வேண்டும். முந்தின நாளே பெட்டிகளோடு போய் அந்தப் பள்ளியிலேயே படுத்துக்கொண்டோம். விடிகாலையில் முகவர்கள் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு. ஐம்பது ஓட்டுக்குக் குறையாமல் போட்டு, எண்ணிக் காட்டி, அழித்து, சீல் வைத்து, ஏழு மணிக்குக் கதவைத் திறந்தோம்.

அந்தச் சாவடிக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் தேயிலைக்காரர்கள். வேலைக்கு லீவு. குளித்து, பூ வைத்து, நல்ல சேலை கட்டி வந்திருந்தார்கள். பேச்சைக் கேட்டாலே தெரிந்துவிடும். ஒரு ஆயா தன் பேரனிடம் "கோச்சி மாதிரி நீளமா நிக்குது பாரு" என்று வரிசையைக் காட்டினார். அந்தச் சொல்லைக் காதில் கேட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பத்து மணி வாக்கில் அவர் என் மேசைக்கு வந்தார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். இடது கையை நீட்டினார். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்துப்போன விரல்கள். நகத்தைச் சுற்றியும் ரேகைக்குள்ளும் கறை ஏறி, எவ்வளவு தேய்த்தாலும் போகாத கருப்பு. மை வைத்தேன். வைத்த இடமே தெரியவில்லை.

"தெரியுதாம்மா?" என்று கேட்டார்.

துணியை எடுத்து விரலை நன்றாகத் துடைத்தேன். விரலில் எண்ணெயோ அழுக்கோ இருந்தால் துடைத்துவிட்டுத்தான் மை வைக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நகத்தின் மேலிருந்து முதல் கணு வரை மறுபடி ஒரு கோடு இழுத்தேன். இந்தத் தடவை நகத்தில் ஊதாவாகப் பிடித்தது. விரலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

"கையெழுத்தா ரேகையா ஆயா?"

"ரேகைதான் கண்ணு."

பெருவிரலைப் பிடித்துப் பதிவேட்டில் அழுத்தினேன். அப்பாயியின் தாளில் இருப்பதைப் போலவே நடுவில் ரேகை தேய்ந்து, ஓரத்தில் மட்டும் வளையங்கள் விழுந்திருந்தன. சீட்டை வாங்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். பெட்டியிலிருந்து நீளமாக பீப் சத்தம் கேட்கும் வரை நான் அடுத்த ஆளின் எண்ணை எழுதவில்லை. பின்னால் நின்றவர் பொறுமையாக இருந்தார்.

ஆறு மணிக்கு வரிசையில் இருந்த எல்லாருக்கும் கடைசி ஆளிலிருந்து டோக்கன் கொடுத்து, அவர்கள் போட்டு முடித்த பிறகு மூடினோம். பதிவேட்டில் உள்ள கடைசி எண்ணும் எந்திரம் காட்டிய மொத்தமும் ஒன்றாக இருந்தது. பதிவான ஓட்டுகளின் கணக்கைக் காட்டும் 17இ படிவத்தை எழுதி முகவர்களுக்கு நகல் கொடுத்தோம். பெட்டிகளை ஒப்படைக்கும் இடத்துக்கு வண்டியில் போகும்போது மகள் கோத்தகிரியிலிருந்து போன் செய்தாள். அவளுக்கு அது முதல் ஓட்டு.

"மை காஞ்சிருச்சும்மா, எத்தன நாளைக்கு இருக்கும்?"

"நகம் வளர்ற வரைக்கும்" என்றேன்.

"அப்பாயி தாள் எந்தப் பெட்டில இருக்கு? அதப் பக்கத்துல வெச்சு ஒரு போட்டோ எடுக்கணும்."

இரும்பு பீரோவில் மேல் தட்டில், பால் கணக்கு நோட்டுக்குக் கீழே என்று சொன்னேன். டேப்பைப் பிரிக்காமல் எடுக்கச் சொன்னேன்.